கிம்ப்பில் ஃபில்டர்ஸ் மெனு பாதி காணவில்லை, அவசரம்

பூவரசு:
நண்பர்களே, படம் திருத்தும் மென்பொருளான கிம்ப்பில், ஃபில்டர்ஸ் மெனுவில் டெக்கோர் உள்ளே போனால் எதுவும் க்ளிக் ஆகவில்லை, நேற்றுவரை ஓல்டு போட்டோ, ரவுண்டு கார்னர்ஸ் போன்ற அலங்கார ஃபில்டர்கள் எல்லாம் நன்றாக வந்தன, அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தும் அதே கதைதான். இன்று இரவுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும்.

கோடுகள்:
எந்தப் பதிப்பு? விண்டோஸா, லினக்ஸா? பெயரே இல்லையா, அல்லது பெயர் மங்கலாகத் தெரிகிறதா? இரண்டும் வேறு வேறு சிக்கல்.

மழைத்துளி:
டேப் விசையைத் தட்டியிருப்பீர்கள். எனக்கு ஒருநாள் டூல்பாக்ஸ் மொத்தமும் மறைந்துவிட்டது, மறுபடி தட்டியதும் வந்தது.

கோடுகள்:
அது பக்கத்துப் பலகைகளை மட்டும்தான் மறைக்கும், மெனுவைத் தொடாது.

பழையபிக்சல்:
இதை இங்கே பலமுறை சொல்லியாயிற்று. கேட்கும் முன் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும் தம்பி. கிம்ப் 3.0 பதிப்புக்கு மாறியிருப்பீர்கள். முந்தைய 2.10க்கு எழுதிய ப்ளக்இன் (தனியாகச் சேர்க்கும் துணை நிரல்) அதில் ஓடாது.

நிழல்:
ஓல்டு போட்டோ கிம்ப்போடு கூடவே வருவது, வெளியிலிருந்து போட்ட ப்ளக்இன் இல்லையே.

பழையபிக்சல்:
2025 மார்ச்சில் 3.0 வந்தபின் என் பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்றுகூட ஓடவில்லை. வருடக்கணக்கில் எழுதியவை. 2.10 தான் நம்பகமானது.

நிழல்:
2.10இல் அந்த ஸ்கிரிப்ட்கள் ஓடியது பைத்தான் 2 என்ற பழைய நிரல் மொழியில், அதற்கு 2020லேயே ஆதரவு முடிந்துவிட்டது, அதை எத்தனை நாள் இழுப்பார்கள்? 3.0இல் மங்கலாக்கும் ஃபில்டரைப் போட்டுவிட்டு, அப்புறம் அளவை மாற்றிக்கொள்ளலாம், அசல் படம் கெடாது. இதற்காகவே நான் மாறினேன்.

பழையபிக்சல்:
பழைய வேலை நின்றுபோனவனுக்கு அதனால் என்ன பயன்?

கோடுகள்:
இதைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள், அவருக்கு நேரமில்லை. பூவரசு, நேற்றுத் திறந்தது ஜேபெக், இன்று ஜிஃப், சரியா? ஜன்னலின் மேல் பட்டையில் கோப்பின் பெயரை ஒட்டி இண்டெக்ஸ்டு கலர் என்று இருக்கிறதா பாருங்கள். ஜிஃப் 256 நிறத்துக்கு மேல் தாங்காது, நிறங்களைப் பட்டியலாக வைத்திருக்கும். பட்டியலில் இல்லாத இடைநிறங்கள் இந்த ஃபில்டர்களுக்குத் தேவை, அதனால்தான் மங்கிக் கிடக்கின்றன. இமேஜ் மெனுவில் மோட், அதில் ஆர்ஜிபி (முழு நிற முறை) என்று மாற்றுங்கள். இன்னொன்று, ஏதாவது எங்கே என்று தெரியாவிட்டால் ஸ்லாஷ் விசையைத் தட்டினால் தேடல் பெட்டி வரும், பெயரை அடித்தால் போதும்.

பூவரசு:
ஜிஃப்தான். மாற்றியதும் எல்லாம் வந்துவிட்டது, ரொம்ப நன்றி. ஸ்டென்சில் கார்வ் மட்டும் இன்னும் மங்கலாக இருக்கிறது.

கோடுகள்:
அதற்கு கிரேஸ்கேல் (கறுப்பு வெள்ளை சாம்பல்) படம் வேண்டும், ஒளி ஊடுருவலைக் குறிக்கும் ஆல்ஃபா சானலும் இருக்கக் கூடாது. முதலில் இமேஜ் மெனுவில் டூப்ளிகேட் கொடுத்து, நகலில் செய்யுங்கள்.