210 யூனிட் சரள் மண் எங்கே போனது? டிரோன் அளவை குறித்து ஒரு கேள்வி

வள்ளியூர் ஒப்பந்ததாரர்:
திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி பக்கம் 2 ஏக்கர் கரிசல் நிலத்தை உயர்த்தித் தரும் வேலையை எடுத்து, 3 யூனிட் டிப்பரில் 410 நடை சரள் மண் அடித்தேன். ஒரு யூனிட் என்பது 100 கன அடி; நடைச்சீட்டின்படி 1,230 யூனிட். பணம் தர வேண்டிய நேரத்தில் நிலத்துக்காரர் டிரோன் வைத்திருக்கும் ஒரு குழுவை அழைத்து அளக்கச் சொன்னார். அவர்கள் 1,020 யூனிட் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மீதி 210 யூனிட்டுக்குப் பணம் இல்லை என்கிறார். அரை மணி நேரம் வானத்தில் சுற்றிய கருவி, மூன்று வாரம் வெயிலில் நின்று நாங்கள் எழுதிய சீட்டைப் பொய்யாக்கலாமா?

பாளை சர்வேயர்:
அண்ணாச்சி, சீட்டும் பொய்யில்லை, டிரோன் படமும் பொய்யில்லை. சீட்டில் இருப்பது டிப்பரில் பொலபொலவென்று கிடந்த மண். டிரோன் பார்த்தது தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டி இறுகிய மண். சரள் இறுகும்போது 15 முதல் 20 விழுக்காடு வரை கன அளவு குறைவது வழக்கம்தான், உங்கள் கணக்கில் குறைந்திருப்பதோ 17 விழுக்காடு. ஒப்பந்தத்தில் விலை பேசியது டிப்பர் அளவுக்கா, இறுகிய அளவுக்கா என்பதை முதலில் பாருங்கள். கருவியைக் குறை சொல்வதற்கு இதில் இடமில்லை: ஒன்றின் மேல் ஒன்று முக்கால் பங்கு படிகிற நூற்றுக்கணக்கான படங்களிலிருந்து தரையின் உயரத்தைக் கணக்கிடுகிறோம், 60 மீட்டர் உயரத்தில் பறக்கும் 20 மெகாபிக்சல் கேமராவுக்குப் படத்தின் ஒரு புள்ளி தரையில் 2 சென்டிமீட்டருக்கும் குறைவுதான்.

அம்பை மேற்பார்வையாளர் (ஓய்வு):
தம்பி சொல்லும் அந்த 2 சென்டிமீட்டரையே எடுத்துக்கொள்வோம். 2 ஏக்கர் என்பது ஏறத்தாழ 8,094 சதுர மீட்டர். அதில் உயரம் ஒரே ஒரு சென்டிமீட்டர் பிசகினால் 81 கன மீட்டர், அதாவது 28 யூனிட்டுக்கு மேல். 5 சென்டிமீட்டர் பிசகினால் 143 யூனிட் காணாமல் போகும். இவர் கொட்டியதோ சராசரியாக 40 சென்டிமீட்டர் கனம்கூட வராத மெல்லிய பரப்பு. குவியலை அளப்பதும் விரிப்பை அளப்பதும் ஒன்றல்ல. அதைவிடப் பெரிய கேள்வி, முதல் நடை விழுவதற்கு முன் நிலம் எப்படி இருந்தது என்பதை யார் அளந்தார்கள்? எங்கள் காலத்தில் லெவல் கருவியை வைத்து ஐந்தைந்து மீட்டருக்கு ஒரு மட்டம் எடுத்து, அளவுப் புத்தகத்தில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வண்டி உள்ளே வரும்.

பாளை சர்வேயர்:
ஐந்து மீட்டர் இடைவெளியில் கிடக்கும் மேடும் பள்ளமும் உங்கள் புத்தகத்துக்குத் தெரியாது, ஐயா. எங்கள் படத்துக்குத் தெரியும். ஒவ்வொரு புள்ளியின் சிறு பிழையும் மேலும் கீழுமாக ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். முழுப் பரப்பும் ஒரே பக்கம் தூக்கினால்தான் நீங்கள் சொல்லும் கணக்கு பலிக்கும். அதைப் பிடிக்கத்தான் உயரம் தனியே அளந்த குறிப்பலகைகளைத் தரையில் வைத்துச் சரிபார்க்கிறோம். முந்தைய மட்டம் குறித்து நீங்கள் கேட்பது மட்டும் நியாயமானது. அண்ணாச்சி, கொட்டுவதற்கு முன் பறக்கவிட்டார்களா?

வள்ளியூர் ஒப்பந்ததாரர்:
இல்லை. சுற்றியுள்ள வரப்போரத் தரையை இணைத்து அடிமட்டம் (பழைய தரையின் உயரம்) போட்டதாக அவர்களே சொன்னார்கள். ஆனால் நிலத்தின் நடுவே முன்பு மண் எடுத்த கிடங்கு (பள்ளம்) ஒன்று இருந்தது. அதை நிரப்பவே 40 நடை ஆனது.

அம்பை மேற்பார்வையாளர் (ஓய்வு):
அப்படியானால் 120 யூனிட் கண்ணுக்கே தெரியாத இடத்தில் கிடக்கிறது. பருந்து மேலிருந்து பார்த்தால் புதைத்ததா தெரியும்?

பாளை சர்வேயர்:
ஒப்புக்கொள்கிறேன். விளிம்புகளை இணைத்து நடுவில் மென்பொருள் இழுத்த சமதளத்தில் கிடங்கு இருக்காது. ஆனால் அதே கணக்கு அண்ணாச்சியையும் கொஞ்சம் கடிக்கும். கிடங்கைக் கழித்தால் 1,110 யூனிட் இறுகி 1,020 ஆகியிருக்கிறது. குறைந்திருப்பது 8 விழுக்காடுதான், அதாவது மண் சரியாக இறுகவில்லை. ரோலர் எத்தனை சுற்று ஓடியது?

மானூர் விவசாயி:
எங்கள் குளத்தில் வண்டல் எடுத்ததையும் இப்படித்தான் அளக்க வந்தார்கள். குளத்தின் பாதிக்குச் சீமைக்கருவேலம். படத்தில் தெரிந்தது மரத்தின் தலைதான், தரை இல்லை. மடையோரம் தேங்கி நின்ற தண்ணீருக்கு அடியில் வெட்டிய பள்ளமும் கணக்கில் வரவில்லை.

பாளை சர்வேயர்:
கருவேலத்துக்குள் படமெடுத்து அளக்க முடியாது, அங்கே ஆளிறங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் ராதாபுரம் பக்கத்துக் கிரஷர்களில் செங்குத்தாக நிற்கும் ஜல்லிக் குவியலின் மேல் அளவுகோலோடு ஒருவரை ஏற்றுவதை என்னால் ஏற்க முடியாது. அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் 2022 மே மாதம் பாறை சரிந்து தொழிலாளர்கள் மாண்ட மாவட்டம் இது. அங்கே அளவு துல்லியமா என்பதற்கு முன்னால், அளப்பவர் திரும்பி வருவாரா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அம்பை மேற்பார்வையாளர் (ஓய்வு):
குவியலுக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் ஆடிக் காற்றில் காற்றாலை சுழலும் பணகுடிப் பக்கம் உங்கள் கருவி நிலையாக நிற்குமா? விஜயநாராயணத்தில் கடற்படைத் தளம், மகேந்திரகிரியில் இஸ்ரோ, கூடங்குளத்தில் அணுமின் நிலையம். எங்கே பறக்கலாம் என்று வரைபடத்தைப் பார்ப்பதிலேயே பாதி நாள் போகும்.

பாளை சர்வேயர்:
காற்று எழும்புவதற்கு முன், காலை ஆறரைக்கே முடித்துவிடுவோம். 2021 டிரோன் விதிகளுக்குப் பிறகு பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களை இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் எழுப்புவதே குற்றம். அந்தக் குழு அதைப் பார்த்ததா என்று அண்ணாச்சி கேட்டு வையுங்கள்.

வள்ளியூர் ஒப்பந்ததாரர்:
ரோலர் மேல் அடுக்கில் மட்டும்தான் ஓடியது. அதை மறைக்கவில்லை, நிலத்துக்காரரும் அன்று எதிரில்தான் நின்றார். ஒப்பந்தத் தாளில் ‘யூனிட்’ என்று மட்டுமே இருக்கிறது, டிப்பரா இறுகியதா என்று இல்லை. சனிக்கிழமை ஜேசிபி வைத்து, கிடங்கு இருந்த இடத்தில் இரண்டும் வெளியே மூன்றும் சோதனைக் குழி தோண்ட இருவரும் சம்மதித்திருக்கிறோம்.

அம்பை மேற்பார்வையாளர் (ஓய்வு):
அடியில் கரிசல், மேலே செம்மை நிறச் சரள் என்பதால் பழைய தரை எங்கே முடிகிறது என்பது குழியின் சுவரிலேயே கோடு போட்டதுபோலத் தெரியும். ஜேசிபி சுவரை இழுத்துப் பூசிவிடாமல், கடைசி ஓரத்தை மண்வெட்டியால் செதுக்கச் சொல்லுங்கள். தம்பிக்கு நேரமிருந்தால் ஜிபிஎஸ் கருவியோடு வரட்டும். நான் லெவலையும் கோலையும் கொண்டுவருகிறேன்.