மறு: ‘ஹாங்கி டாங்க்’, ‘ஸ்டீல் கிட்டார்’ – தமிழில் எப்படி?

அன்பர்களே, அமெரிக்க நாட்டுப்புற இசையின் (country music) இரண்டு சொற்களுக்கு இங்கே முன்மொழியப்பட்ட தமிழாக்கங்கள் இவை:

> ஹாங்கி டாங்க் – கள்ளுக்கடைப் பாட்டு
> ஸ்டீல் கிட்டார் – எஃகு கிட்டார்

முதலாவது ஒட்டவில்லை. 1933-இல் அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கியபின் டெக்சாஸ் எண்ணெய்வயல் ஊர்களில் பெருகிய கூடங்களே ஹாங்கி டாங்க்குகள்; அங்கே ஒலித்த பாட்டுக்கும் அதே பெயர். குடியோடு ஜோடி நடனமும் உண்டு. நம் கள்ளுக்கடையில் யார் ஜோடி சேர்ந்து ஆடினார்கள்? அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதே ஆங்கிலத்தில் தெளிவாகவில்லை. ஜாஸைப் போல இதையும் அப்படியே விட்டுவிடலாம்.

இரண்டாவதில்தான் எனக்குச் சண்டை. ‘எஃகு கிட்டார்’ என்றால் கிட்டாரையே எஃகில் வார்த்ததாகப் படிப்பார்கள். எஃகு, இடக்கையில் பிடித்துத் தந்திகள்மேல் வழுக்கும் தண்டு மட்டுமே. ஹவாய்க்காரர்களிடமிருந்து வந்த வாசிப்பு. வீணை போன்ற நம் கோட்டுவாத்தியத்தில் அதே வேலையைக் கட்டை செய்கிறது. ‘கோடு’ என்பதே அந்தத் தண்டுதான். எனவே கோட்டுக் கிட்டார். காலால் மிதித்துச் சுருதியை வளைக்கும் வகைக்கு மிதிகோட்டுக் கிட்டார். ஆனால் பழைய இசைத்தட்டுகளுக்கெல்லாம் ‘மிதி’ போட்டுவிடாதீர்கள். 1954-இல் பாடகர் வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாட்டு ஓடியபிறகே அந்த மிதியோசை நாட்டுப்புறத் தட்டுகளில் பரவியது. ஹாங்கி டாங்க் பாடகர் லெஃப்டி ஃபிரிஸெல்லின் முதல் வெற்றி 1950-இலேயே வந்துவிட்டது; அதற்கு ‘மிதி’ பொருந்தாது.

ஃபிரிஸெல்லைப் பற்றி எழுதும்போது இன்னொரு சொல்லும் வேண்டும். டெக்சாஸின் கோர்சிகானாவில் 1928-இல் பிறந்தவர்; 1951-இல் ஒரே சமயத்தில் அவருடைய நான்கு பாட்டுகள் நாட்டுப்புறப் பட்டியலின் முதல் பத்தில் இருந்தன. அவர் ஓர் உயிரெழுத்தைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். ஓரசைச் சொல்லை இழுத்து, மடக்கி, மூன்று அசையாக்கிவிடுவார். பாடகர்கள் மெர்ல் ஹாகார்டும் ஜார்ஜ் ஜோன்ஸும் அவரிடமிருந்து கற்றுக்கொண்டது இதைத்தான். கேட்டவுடன் எனக்குக் குறளின் ‘செறாஅஅய்’ நினைவுக்கு வந்தது. அளபெடையேதான்! ஆனால் அளபெடை மாத்திரையை மட்டும் நீட்டும். இவர் நீட்டும்போதே சுருதியையும் சரியவிடுகிறார். கமகம் (சுரத்தை அசைத்து வளைப்பது) என்றால் கர்நாடக இசையின் வாடை தூக்கலாகிவிடும். ‘குழையளபெடை’ என்று வைத்துப் பார்த்தேன். வாய்க்கு வருகிறது, கண்ணுக்குத்தான் இன்னும் பழகவில்லை.

‘மிதிகோட்டு’ என்பதில் ஒற்று மிகுமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொன்னால் சொல்லை மாற்றிவிடுகிறேன்.