‘இன்சென்டிவ்’ – ஊக்கத்தொகையா, ஊக்கியா?

நண்பர்களே,

இணையத்தில் ஒருவர் யாரென்று தெரியாதபடி அவர் தரவைப் பல கைமாற்றிக் கடத்துவது டோர் வலையமைப்பு. அதில் தரவைக் கைமாற்றும் ரிலே சர்வர் நடத்தும் தன்னார்வலர்களுக்கு என்ன இன்சென்டிவ் தரலாம் என்பதைப் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். நாளை காலை கொடுத்தாக வேண்டும். ‘ஊக்கத்தொகை’ என்று போட்டால் இடிக்கிறது. அதில் வருபவற்றில் பாதி பணமே இல்லை. 2010இல் முன்வைக்கப்பட்ட ‘தங்க நட்சத்திர’ முறையில், நன்றாகச் சேவை தரும் ரிலேவிலிருந்து கிளம்பும் தரவுக்கு முன்னுரிமை தருவார்கள். டி-சட்டை தருவதுகூட உண்டு. ஒரு சொல் சொல்லுங்கள்.

*

> பாதி பணமே இல்லை

‘தொகை’யை வெட்டிவிடுங்கள். ‘ஊக்கம்’ போதும். அப்புறம், சர்வர், ரிலே எதற்கு? வழங்கி, இடைமாற்றி என்று நல்ல தமிழ் இருக்கிறதே.

*

ஐயா, நடத்தப் போகிறவர் திரையில் பார்ப்பது ‘ரிலே’தான், அது இருக்கட்டும். ஊக்கம் ஒருவருக்கு உள்ளிருந்து வருவது. சும்மா நடத்தியவருக்குக் காசு கொடுக்கத் தொடங்கினால் அந்த ஊக்கமே வற்றிவிடலாம் என்பதுதான் இங்கே உள்ள கவலை. இரண்டுக்கும் ஒரே சொல் ஆகாது. ‘தூண்டுகோல்’ என்று வைக்கலாம்.

*

தூண்டுகோல் விளக்குத் திரியைத் தூண்டும் குச்சி. மாட்டை முடுக்கும் கோலும் அதுவே. தூண்டிலும் அதே வேரில் வந்ததுதான். தன்னார்வலரை முடுக்கவும் வேண்டாம், இரை காட்டவும் வேண்டாம். ‘கைம்மாறு’ என்ன குறை?

*

கைம்மாறு செய்தபின் வருவது. இது செய்யத் தூண்டுவது. இன்னொன்று: கைம்மாறு தர, செய்தவர் யாரென்று தெரிய வேண்டும். தங்க நட்சத்திர முறை சறுக்குவதும் அங்கேதான். முன்னுரிமையோடு வரும் தரவு நட்சத்திரம் பெற்ற ரிலேக்களில் ஒன்றிலிருந்துதான் கிளம்பியது என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். அனுப்பியவர் ஒளிந்துகொள்ளும் கூட்டம் சுருங்கிவிடும். 2014இல் வந்த டோர்காயின் யோசனை, தரவு கடத்தியதையே சான்றாக்கி மின்னணு நாணயம் தரப் பார்த்தது. எனக்கு அது பலனை எதிர்பார்த்து நல்லது செய்யும் அறவிலை வணிகமாகவே படுகிறது.

*

அறவிலை என்று ஒதுக்காதீர்கள் அம்மா. கடைசி ரிலேவின் முகவரிதான் இணையதளத்துக்குத் தெரியும். யாரோ செய்த தவறுக்கான புகார் அதை நடத்துபவருக்குத்தான் போகிறது. அவருக்குச் சட்ட உதவி கிடைத்தால் அது விலையா? இலக்கணத்துக்கு வருகிறேன். ‘ஊக்கு’ தானே செயப்படுபொருள் குன்றாவினை, ‘ஊக்குவிப்பு’ என்று ‘வி’ சேர்ப்பது எதற்கு? ‘ஊக்கி’ என்போம். ‘மூன்று ஊக்கிகள்’ என்று எண்ணவும் வரும்.

*

வினையூக்கி என்று வேதியியலில் ஏற்கெனவே இருக்கிறதே, மாணவர் குழம்புவார்கள். ‘ஊக்குவிப்பு’ எல்லோருக்கும் புரியும். என் வாக்கு அதற்கு.

*

எனக்கும் ஊக்குவிப்பே சரி.

*

நன்றி. இருவர் சொன்னபடி ‘ஊக்குவிப்பு’ என்றே அனுப்புகிறேன்.

*

அனுப்புங்கள். ஆனால் அது செயலின் பெயர். கொடுக்கும் பொருளின் பெயர் அன்று. சட்ட உதவியை ‘ஓர் ஊக்குவிப்பு’ என்று எழுத எனக்குக் கை வராது.