மேலத்தெரு வீடு வாட்ஸ்அப் குழு: காலமான பெரியப்பாவின் காருக்கு எஞ்சின்

மன்னார்குடி மாமா: அனைவருக்கும் இனிய காலை வணக்கம் 🌺🌺

மீனா அக்கா: மாமா, பூ அப்புறம். எங்கள் அப்பா காரை வினோத் தண்ணீரில் இறக்கிவிட்டான். தையில் என் கல்யாணம்.

சின்ன அத்தை: எந்தத் தண்ணீர்?

நான் (வினோத்): பாபநாசம் தாண்டி ரயில்வே கீழ்ப்பாலம் அத்தை. முட்டியளவுதான் இருந்தது.

சின்ன அத்தை: யார் முட்டி?

மீனா அக்கா: நின்ற பிறகு மூன்று தடவை சாவி போட்டிருக்கிறான்.

பிரபு அண்ணன்: அதுதான் கெடுத்தது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீரில் முட்டி, அதைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியே விட்டிருக்க வேண்டும்.

நான்: கும்பகோணம் மெக்கானிக்கும் அதையேதான் சொன்னார். ராடு போயிருக்கும், வேறு எஞ்சின் பார் என்கிறார்.

மன்னார்குடி மாமா: பம்புசெட் எஞ்சின் சும்மாதான் கிடக்கிறது. எட்டு குதிரைசக்தி 😄

பிரபு அண்ணன்: இது 106 குதிரை மாமா. 2001 ஹோண்டா சிட்டி விடெக். எல்லோரும் கவனமாகப் படியுங்கள். பின்னால் வந்த சிட்டி இசட்எக்ஸ் எஞ்சின் வேண்டாம். அது சுற்றும் திசையே எதிர், கியர்பாக்ஸ் மறுபக்கம், மவுண்டும் சேராது. இதே மாடலின் 1.3 லிட்டர் எஞ்சின் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் வேகம் ஏறும்போது வால்வைக் கூடுதலாகத் திறக்கும் விடெக் வேலை அதில் இல்லை, கம்ப்யூட்டரும் வேறு. 1.3 போட்டால் அது அப்பா வண்டியே இல்லை. சென்னை புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் விடெக் எஞ்சினே தேடலாம். கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) பார்க்காமல் பணம் கொடுக்காதே வினோத். பில்லும், எஞ்சின் வந்த வண்டியின் ஆர்சி (பதிவுச் சான்று) நகலும் வாங்கு. பொருத்தும் முன் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் இரண்டையும் மாற்று. பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் முட்டும், மறுபடி முதலிலிருந்து.

சின்ன அத்தை: இவ்வளவு எழுத நேரம் இருக்கிறது. ஊருக்கு வரத்தான் நேரமில்லை.

பிரபு அண்ணன்: அத்தை 🙏

அப்பா (வினோத்தின் அப்பா): செலவு?

நான்: எஞ்சின் மட்டும் 35,000 கேட்கிறார்கள். கூலி தனி.

அப்பா: நான் தருகிறேன். என் பிள்ளை செய்தது.

சின்ன அத்தை: 2001இல் அந்தக் காருக்கு முன்பணம் போனதும் உன் குறுவை நெல் காசுதானே அண்ணா. அப்போதும் யாரும் பேசவில்லை.

மீனா அக்கா: அத்தை, இப்போது அது எதற்கு?

மன்னார்குடி மாமா: குறுவை என்றதும் ஞாபகம். தாளடி நெல் நட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை, நாற்று தலை தெரியவில்லை. வடிகால் வாய்க்காலில் முழுக்க ஆகாயத்தாமரை.

அப்பா: இங்கேயும் மூன்று மா நிலம் மூழ்கிவிட்டது.

மீனா அக்கா: அப்பா வண்டியில்தான் மண்டபத்துக்குப் போவேன். எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

நான்: அண்ணா, எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டு ராடு மட்டும் மாற்றினால்?

பிரபு அண்ணன்: எஞ்சின் பிளாக்கில் கீறல் இல்லையென்றால் அதுதான் நல்லது. எஞ்சின் எண் மாறாது. மாறினால் ஆர்டிஓவில் ஆர்சியில் ஏற்ற வேண்டும். ஆர்சி இன்னும் அப்பா பேரில்.

சின்ன அத்தை: நாலு வருஷமாகச் சொல்கிறேன்.

பிரபு அண்ணன்: பேர் மாற்றப் படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் வேண்டும். அம்மா, மீனா, நான் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால் ஆகிவிடும்.

மீனா அக்கா: யார் பேருக்கு?

சின்ன அத்தை: 👀

பிரபு அண்ணன்: அதை நேரில் பேசலாம்.

அப்பா: சரி. முதலில் பிரிக்கச் சொல் வினோத். புதுப்பேட்டையிலும் சொல்லி வை.

நான்: இரண்டுமா அப்பா?

மன்னார்குடி மாமா: எங்கள் ஊர் லாரி ஒன்று செவ்வாய்க்கிழமை சென்னை போகிறது. எஞ்சினை ஏற்றி வரலாம்.

பெரியம்மா: ஆர்சி புத்தகம் பீரோவில் இல்லையே. யார் எடுத்தது?

நான்: காரின் டேஷ்போர்டில்தான் இருந்தது பெரியம்மா.

மீனா அக்கா: இருந்தது என்றால்?

நான்: மாடியில் காயப் போட்டிருக்கிறேன்.

மன்னார்குடி மாமா: அங்கே மழை விட்டுவிட்டதா? இங்கே இன்னும் தூறுகிறது.