பாசிக் கிளைகள் வெளுத்து முறிகின்றன, என்ன செய்யலாம்?

கேள்வி:
சாப்பாட்டுக்காகக் கயிற்றில் கப்பாபைகஸ் என்ற கடற்பாசியைக் கட்டி 25 நாளாகிறது. போன வாரம் வரை நன்றாகத் தடித்து வந்தது. இப்போது நடுத்தண்டில் விரல் நுனி அளவுக்கு வெள்ளை விழுந்திருக்கிறது. தொட்டால் கூழாக நசுங்கி, அங்கேயே முறிந்து மிதந்து போகிறது. காற்றே இல்லை, கடல் குளம் மாதிரி கிடக்கிறது. பார்க்கவே மனசு கேட்கவில்லை. மீன் கடித்ததாக இருக்குமோ?

பதில்:
மீன் இல்லை. ஓரா மீன் மேய்ந்தால் நுனிதான் மழுங்கிப்போகும், நிறம் மாறாது. உங்களுடையது 'ஐஸ்-ஐஸ்' என்ற வெளுப்பு நோய். எனக்கும் ஒரு கோடையில் பாதிக் கயிறு இப்படித்தான் போனது, அந்த வலி தெரியும். தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி, ஓட்டமும் நின்றால் பாசி சோர்ந்துவிடும். அதன்பிறகுதான் பாக்டீரியா புகுந்து அழுக வைக்கும். மழைநீர் கலந்து உப்பு குறைந்தாலும் இதே நிலைதான். வெளுத்ததை அறுத்துக் கரைக்குக் கொண்டு வந்துவிடுங்கள், கடலில் வீசாதீர்கள். கயிற்றை அரை மீட்டராவது கீழே இறக்குங்கள். தினமும் உலுக்கி, படிந்த சேற்றையும் ஒட்டுப்பாசியையும் உதறுங்கள்.

இன்னொரு பதில்:
வெளுப்பு பரவினால் வழக்கமான அறுவடைக்கான 45 நாள் வரை காத்திருக்க வேண்டாம், நல்லதை இப்போதே அறுத்துவிடுங்கள். கராஜீனன் என்ற கெட்டிப்படுத்தும் பொருளை எடுக்க இளம்பாசி அவ்வளவு உதவாது, சாப்பிடத் தாராளமாக ஆகும். பக்கத்தில் கழிவுநீர் கலக்கிறதா என்றும் பாருங்கள். பாசி உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

கேட்டவர்:
இன்று காலை கயிற்றை இறக்கிவிட்டேன். கீழே தண்ணீர் கைக்கே குளிர்ச்சியாகத் தெரிந்தது. மறுநடவுக்கு வெளுக்காத பழுப்பு நுனிகளைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.