அடுப்பில்லாமல் சுண்ணாம்பு கொதிப்பது எப்படி?

கேள்வி (திருவொற்றியூர்):
பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காக வாங்கிய கிளிஞ்சல் சுண்ணாம்பை டிரம்மில் கொட்டித் தண்ணீர் ஊற்றியதும், அது தளதளவென்று கொதித்து ஆவி கக்கியது. ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்றால் இந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று என் மகள் கேட்கிறாள். விளக்க வேண்டுகிறேன்.

பதில் (தண்டையார்பேட்டை, வேதியியல் ஆசிரியர்):
கிளிஞ்சலைச் சுடும் சூளையாகிய காளவாயில் செலவான வெப்பத்தின் ஒரு பகுதிதான் அது. கிளிஞ்சல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுடும்போது கார்பன் டை ஆக்சைடு பிரிந்து, கால்சியம் ஆக்சைடாகிய சுட்ட சுண்ணாம்பு எஞ்சுகிறது. 100 கிராம் கார்பனேட்டுக்கு இவ்வினை ஏறத்தாழ 178 கிலோஜூல் ஆற்றலை உறிஞ்சுகிறது. அதில் கிடைக்கும் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு தண்ணீருடன் சேரும்போது ஏறத்தாழ 65 கிலோஜூல் வெளிப்படுகிறது. சிறிதும் வீணாகாவிட்டால், 200 மில்லிலிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க இது போதும். சுண்ணாம்புக்குள் நெருப்பு ஒளிந்திருப்பதாகச் சொல்வது பேச்சுக்குச் சரி. உண்மையில், சுட்ட சுண்ணாம்பும் தண்ணீரும் தனித்தனியே இருக்கையில் உள்ள ஆற்றல், அவை சேர்ந்து உண்டாகும் நீற்றுச் சுண்ணாம்பின் ஆற்றலைவிட அதிகம். அந்த வித்தியாசமே வெப்பமாகிறது.

பதில் (வியாசர்பாடி):
178 கொடுத்து 65 மட்டும் திரும்பினால் கணக்கு இடிக்கிறதே, ஐயா. மீதி 113 காளவாய்ப் புகையோடு போய்விட்டதா?

பதில் (தண்டையார்பேட்டை, வேதியியல் ஆசிரியர்):
நல்ல கேள்வி. புகையோடு போனது இந்த 178இல் சேராது. அது எரிபொருளுக்கு ஆன கூடுதல் செலவு. மீதி 113 கிலோஜூல், வெள்ளையடித்த பிறகு வெளிவருகிறது. சுவரில் பூசிய நீற்றுச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்று மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகும்போது, அந்த ஆற்றல் மிக மெதுவாக வெளியேறுவதால், சுவரைத் தொட்டால் சூடு தெரிவதில்லை. 65ஐயும் 113ஐயும் கூட்டினால் 178. எத்தனை படிகளில் நடந்தாலும் ஒரு வினையின் மொத்த வெப்பம் மாறாது என்று வேதியியலாளர் ஹெஸ் 1840இல் கூறினார். ஆற்றல் அழிவின்மையைப் பற்றிய ஜெர்மன் மருத்துவர் மாயரின் கட்டுரை 1842இல்தான் வெளிவந்தது.

பதில் (ராயபுரம்):
மூட்டை பிரிந்து பல நாள் கிடந்த சுண்ணாம்பு மாவாகிவிடும். தண்ணீர் ஊற்றினாலும் சரியாகக் கொதிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சியபோதே அது தன் வெப்பத்தை விட்டுவிட்டது என்பதுதான் காரணம். புதுச் சுண்ணாம்பானால் டிரம்மில் முதலில் தண்ணீரை நிரப்பி, அதன்பின் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். குழந்தைகளை அருகில் விட வேண்டாம், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.