நல்லூர் வீட்டார் குழு: தீபனின்ர மைக்

தீபன்: ராசன் மாமா, அவசரம். விடிய 4 மணிக்கு லொறியில தண்டர் பேக்கு லோட் கொண்டு போகோணும். மற்ற லொறிக்காரரோட கதைக்கிற கோப்ரா 29 சிபி றேடியோவுக்கு வாங்கின புது மைக்கைக் கொழுவினா ஸ்பீக்கர்ல சத்தமே இல்லை. மைக் பட்டனை அமத்தினா சிவப்பு லைற் பத்துது, கதைக்கிறது ஒருத்தருக்கும் கேக்கேல்லையாம்

சாந்தி சித்தி: ஞாயிறு அந்தியேட்டிக்கு வந்துடுவியோ? 120 பேருக்குச் சாப்பாடு சொல்லியாச்சு

தீபன்: சனி இரவே வந்துடுவன் சித்தி

ராசன் மாமா: 4 முள் பிளக் எல்லாம் ஒண்டுபோலத்தான் கொழுவுப்படும். உள்ளுக்கு வயர் அடிச்சிருக்கிறது ஒவ்வொரு மாதிரி. உன்ர றேடியோவில 1ம் முள் எர்த், 2 குரல், 3 அனுப்பிறது, 4 கேக்கிறது. பட்டனில இருந்து கையை எடுத்திருக்கேக்க 4ம் 1ம் மைக்குக்குள்ள சேரோணும், இல்லாட்டி ஸ்பீக்கர் ஊமை. லைற் பத்துதெண்டால் 1, 3 சரி. 2ம் 4ம் மாறியிருக்கு எண்டு நினைக்கிறன்

ராசன் மாமா: மைக்கைக் கழட்டிப்போட்டு மீட்டரை வை. ஒரு முனை 1ல. அமத்தாமல் எது பீப் அடிக்குது?

தீபன்: 2

ராசன் மாமா: அமத்திக்கொண்டு?

தீபன்: 3 பீப். 4ல 480 ஓம் காட்டுது

ராசன் மாமா: அதேதான். 480 எண்டால் டைனமிக் கப்சூல் (குரலைப் பிடிக்கிற பகுதி), அது 2க்கு வரோணும். ரெண்டு வயரையும் மாத்து

கண்ணன்: என்ர பிரெசிடென்ற் றேடியோவின்ர 6 முள் மைக்கைத் தரட்டோ?

ராசன் மாமா: வேண்டாம். அதில 1 குரல், 2 கேக்கிறது, 3 அனுப்பிறது, 5 எர்த். 6ல மைக்குக்குக் கறன்ற் போகுது, கோப்ரா அதைக் குடுக்காது

ராசன் மாமா: தீபன், வயர் நிறத்தை நம்பாதை. பிளக்கின்ர முகத்தையும் ஈயம் வைக்கிற பக்கத்தையும் பாத்தால் இடம்வலம் மாறும், முள்ளுக்குப் பக்கத்தில இருக்கிற நம்பரைப் பார். கழட்டேக்க பிளக்கின்ர கோது வயரிலயே கிடக்கட்டும், வயரை மூடுற ஸ்லீவையும் முதலே கோர். ஈயம் உருக்கிற 30 வாட்ஸ் அயன், முள்ளுக்கு ரெண்டு செக்கனுக்கு மேல வைச்சால் பிளாஸ்ரிக் இளகி முள்ளு சரிஞ்சிடும்

தீபன்: அயன் இல்லை மாமா

சாந்தி சித்தி: போன தையில கண்ணன் எங்கட அயனை வாங்கிக்கொண்டு போனவர்

கண்ணன்: அது அப்பவே குடுத்திட்டன் அக்கா

சாந்தி சித்தி: ஆரிட்ட?

ராசன் மாமா: பிறகு கதையுங்கோ. தீபன், ஈயம் வைச்ச உடன திரும்பவும் மீட்டர் வை: அமத்தாமல் 4 பீப், அமத்தினா 3 பீப், 2ல 480. அன்ரெனா கொழுவாமல் அமத்திப் பாக்காதை. அவசரத்துக்கான 9ம், லொறிக்காரர் கதைக்கிற 19ம் விட்டிட்டு வேற சனலில சோதி

பெரியம்மா: 120 காணாது, மார்க்கத்தில இருக்கிற ஆக்களும் வருவினம்

தீபன்: கண்ணன் அண்ணா, அயன் எங்க?

கண்ணன்: கராஜில பாக்கிறன்